ஒரு கூஜா கிணற்றுத் தண்ணீர்

ஃப்ளோராவுக்கு மெரினா கடற்கரைச் சாலை என்றாலே கால் வலிக்கத் தொடங்கிவிடும். ஊரெல்லாம் அங்கே காற்று வாங்கப் போகிறது. புதிதாகக் கல்யாணமானவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகிறார்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள் கைத்தடியோடு போகிறார்கள், வெளியூர்க்காரர்கள் அந்த நீளச் சாலையில் ஒரு தடவையாவது நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறுகிறார்கள். ஃப்ளோரா அங்கே போவது, தன்னை யாராவது பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்காக. அதற்கு எதற்கு அவ்வளவு அகலமான சாலையும் அவ்வளவு காற்றும் என்று அவளுக்கு இதுவரை புரிந்ததில்லை.

யோசனை அவளுடைய அப்பா பாஸ்கலுடையது. ஆரம்பத்தில் எல்லாரையும்போல ராயபுரத்து வீட்டுக்கு வந்துதான் அவளைப் பார்த்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. ஒரு காலத்தில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் கொல்லை இருந்தது, கொல்லையைத் தாண்டி வலை காயப்போடும் மணல்வெளி இருந்தது, அதையும் தாண்டிக் கட்டுமரங்களை ஏற்றிவைக்கும் மேடு இருந்தது. வருஷத்துக்கு வருஷம் கடல் கிட்டே வந்தது. முதலில் மேடு போயிற்று, அப்புறம் மணல்வெளி, அப்புறம் கொல்லை வேலி. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்து கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக ஓர் அலை உள்ளே வந்து மாப்பிள்ளையின் அம்மா காலை நனைத்துவிட்டுப் போயிற்று. அந்த அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பாஸ்கல் பெண்ணை வீட்டில் காட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் படித்த குடும்பங்களில் பீச்சில்தான் பெண் பார்க்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். ஃப்ளோரா எட்டாவதோடு நின்றவள். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். இருந்தாலும் பேச்சு எடுபட்டுவிட்டது, ராயபுரத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள்கூட அப்படிச் செய்தார்கள் என்று கேள்வி.

இடத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். உழைப்பாளர் சிலைக்குப் பின்னால், சாலை முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடம். நாலு ஆட்கள் ஒரு பாறையைப் புரட்டுகிற அந்தச் சிலை அவருக்கு உயிர். துறைமுகத்தின் கல்சுவரைக் கடலுக்குள் நீட்டியபோது, கிரேன் கொண்டுவந்து தொங்கவிடும் பாறைகளைக் கடப்பாரையால் நெம்பிப் பொருத்தமாக உட்காரவைத்த கோஷ்டியில் அவர் ஒருவர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினார், கொல்லையில் கிணறு இறக்கினார், பெண்டாட்டியை நல்லபடியாக அடக்கம் செய்தார். அதனால் பெண் பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் சிலையைக் காட்டி, அதிலே ஒருத்தன் நான்தான் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். முதல் தடவை ஃப்ளோராவும் கூடச் சிரித்தாள். போகப்போக அந்த வேடிக்கையை அவர் ஆரம்பிக்கும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

இப்படியே அவளுக்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் அவளுக்குக் கோணி தைக்கிற வேலை. கப்பலில் வந்திறங்கும் கோதுமை மூட்டைகளில் கிழிந்ததை எல்லாம் கொண்டுவந்து பெண்கள் முன்னால் போடுவார்கள். நாள் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்து கோணி ஊசியும் சணலுமாகத் தைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் கையிலிருந்து சணல் வாடை போகாது. கல்யாணம் என்றால் அவளுக்கு நகையோ புடவையோ நினைவுக்கு வருவதில்லை. கொஞ்ச நாள் சாய்ந்து உட்காரலாம் என்பதுதான் நினைவுக்கு வரும்.

கடைசியாக வந்தது பெரம்பூர் வரன். கொண்டுவந்தவர் கோயில் உபதேசியார் தாமஸ். மாப்பிள்ளை ஹென்றி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஃப்ளோராவைவிட நாலு வயது மூத்தவன். அப்பா இல்லை. அம்மா செல்லக்கனி, தெற்கே வடக்கன்குளத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் இருந்தவரை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அவர் போனதும் அதைக் காலிசெய்துவிட்டு, எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே குழாய் உள்ள லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழாயில் விடிகிற நேரத்தில் தண்ணீர் வரும், வராமலும் இருக்கும். செல்லக்கனி குடத்தோடு அங்கே நின்று நின்று முட்டி வீங்கிப் போனவள். ஒரு நாள் குடத்தை முன்னால் தள்ளி வைத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

ஆகையால் செல்லக்கனி பெண் கறுப்பா சிவப்பா என்று கேட்கவில்லை. வயது என்ன, என்ன போடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. வீட்டில் சொந்தக் கிணறு உண்டா என்று ஒன்றுதான் கேட்டாள். உண்டு, நல்ல தண்ணீர்க் கிணறு, நானே குடித்திருக்கிறேன் என்று தாமஸ் சொல்லிவிட்டார். பாஸ்கல் தனிக்கட்டை, கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளையும் அம்மாவும் ராயபுரத்து வீட்டிலேயே வந்து இருந்துகொள்ளலாம் என்றும் பேச்சாயிற்று. தாமஸ் பொய் சொல்லவில்லை. அவர் அந்தக் கொல்லைக்கு வந்து வெகு காலம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

கிணறு இப்போது கடலில் இருந்தது. சுற்றியிருந்த கொல்லை மண்ணை அலை நாலாபக்கமும் அரித்துக்கொண்டு போய்விட, சிமெண்ட் உறைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்குத் தண்ணீருக்கு நடுவில் நின்றன. உள்ளே உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும். மேலே காக்காய் உட்காரும். பாஸ்கல் தினமும் சாயங்காலம் பின்வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, ஓர் உறைகூட நகரவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்வார். வீட்டில் பாதி போயிருந்தது, சமையல் அடுப்பு கூடத்துக்கு வந்திருந்தது. அவருக்கு மட்டும் கிணறு நிற்கிறது என்பது பெரிய ஆறுதல்.

அப்படிப்பட்ட நிலைமையில், சனிக்கிழமை சாயங்காலம் தாமஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். செல்லக்கனி அம்மாளுக்கு நாளைக்குப் பெண் பார்க்க பீச்சுக்கு வருவதற்குச் சம்மதம், ஆனால் முட்டிவலியோடு அங்கிருந்து வீடு வரைக்கும் வந்து கிணற்றைப் பார்க்க முடியாததால், வரும்போது ஒரு கூஜாவில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரட்டும், குடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். அவள் ஊர்ப்பக்கம் பெண்ணெடுக்கும்போது அப்படி ஒரு வழக்கம் உண்டாம், தண்ணீர் ஒத்துக்கொண்டால் சம்பந்தமும் ஒத்துக்கொள்ளும் என்று. அதற்கென்ன, கொண்டுவந்தால் போச்சு என்று பாஸ்கல் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று கப்பல் சும்மா இருக்குமா? பூசை முடிந்து ஃப்ளோரா மத்தியானம் வரைக்கும் கிடங்கில் தைத்துவிட்டுத்தான் வந்தாள். வந்து பார்த்தால் பித்தளைக் கூஜா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வாசலில் இருந்தது. உள்ளே தண்ணீர். விடியற்காலையில் தெருக்குழாயில் பெண்களோடு பெண்களாக நின்று பாஸ்கல் பிடித்து வைத்தது.

"இன்னா நைனா இது?" என்றாள்.

"கிணத்துத் தண்ணி கேட்டாங்கோ இல்ல."

"கிணறு எங்க கீது?"

பாஸ்கல் பின்வாசல் பக்கம் கையை நீட்டினார். "அதோ நின்னுகினு கீது. இல்லன்னு சொல்லு பாப்போம்."

ஃப்ளோரா புடவையை எடுக்க உள்ளே போனாள். சண்டை போட உட்கார்ந்தால் புடவை மாற்ற நேரம் இருக்காது. அதோடு, உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு சபலம். இந்த ஒரு தடவை தண்ணீர் தண்ணீராகவே இருந்து தொலையட்டுமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் ஒரு வாரம் கோணி தைத்துப் பார்க்கட்டும்.

பாரிமுனையில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து அவர்கள் சிலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வழிநெடுக அவர் கூஜாவைக் கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செல்லக்கனியும் ஹென்றியும் முன்னாலேயே வந்து மணலில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கனி பருத்த உடம்புக்காரி, காலை மடக்க முடியாமல் நீட்டியிருந்தாள். ஹென்றி எழுந்து நின்று கும்பிட்டான். முன்தலை வழுக்கை, வெள்ளைச் சட்டை, காலர் ஓரத்தில் அவனே தைத்துக்கொண்ட தையல். தைக்கிறவள் கண்ணில் அது உடனே பட்டது.

பாஸ்கல் சிலையைக் காட்டினார், அதிலே ஒருத்தன் நான்தான் என்றார். செல்லக்கனி நிஜமாகவே சிலையை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்த ஆள் என்று விசாரித்தாள். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. பாஸ்கல் கொஞ்சம் தடுமாறிப்போய், ஓரத்தில் இருக்கிறவன் என்று சொல்லி வைத்தார்.

பிறகு கூஜா வந்தது. செல்லக்கனி சிலுவை போட்டுக்கொண்டு, மூடியில் ஊற்றி, அண்ணாந்து குடித்தாள். இன்னொரு மூடி வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த மாதிரித் தண்ணி குடிச்சு எத்தன வருசமாச்சு," என்றாள். "எங்க ஊர்த் தண்ணி மாதிரியே இருக்கு, பிள்ள."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்கல் அந்தக் கிணறு இறக்கிய கதையை ஆரம்பித்தார். எத்தனை பேர் வெட்டினார்கள், எங்கே ஊற்று கண்டது, முதல் குடம் தண்ணீரை யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதெல்லாம் நிஜம். ஃப்ளோரா ஜமுக்காளத்தின் ஓரத்திலிருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஹென்றிக்கும் ஒரு மூடி கொடுத்தார்கள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை மெதுவாக மணலில் விட்டான். அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

சின்னஞ்சிறுசுகள் கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வரட்டும் என்று செல்லக்கனியே சொன்னாள். இருவரும் சாலையோர நடைபாதையில் நடந்தார்கள். ஹென்றி அவளை வலது பக்கம் வரும்படி சைகை காட்டினான். ஒர்க்‌ஷாப்பில் ஆணி அறைகிற சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது, இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றான். இதற்காகவே இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்களாம். மூன்றாவது வீட்டில், அம்மாவை வைத்துப் பார்க்க முடியாது என்றார்களாம். கார்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் பெரிய பெரிய கட்டடங்கள் சாயங்கால வெயிலில் சிவந்து நின்றன. அவள் கால் வலித்துத் தயங்கியபோது அவனும் நடையைக் குறைத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்கவில்லை, குறைத்துக்கொண்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் மெதுவாகக் கேட்டான். "அது குழாய்த் தண்ணிதானே?"

அவள் ஆமாம் என்றாள்.

"எங்க லைன்லயும் அதே தண்ணி, அதே ப்ளீச்சிங் பவுடர் வாடை. அம்மாவுக்குத் தெரியாது. போன வருஷம் வந்த ஜுரத்துல நாக்குல ருசியே போயிடுச்சு. சாம்பார்ல உப்பு போட்டிருக்கான்னு என்னைத்தான் கேப்பாங்க."

ஃப்ளோரா நின்றுவிட்டாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு கடலில் நிற்பதை, வீடு பாதியானதை, இந்த மழைக்காலத்தில் மீதியும் நிற்குமோ நிற்காதோ என்பதை. அவன் நல்ல காதைக் கொடுத்துக் கேட்டான். கோபப்படவில்லை. அவனுக்குக் கோபப்படவும் அலுப்பாக இருந்ததுபோல் தோன்றியது.

"அம்மாகிட்ட நான் சொல்லப் போறதில்ல," என்றான். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். எனக்கும் பொண்ணு பாத்துப் பாத்துப் போதும்னு ஆயிடுச்சுங்க. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். இனி இந்தச் சாலைக்கு வர வேண்டாம், ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார வேண்டாம், அப்பாவின் வேடிக்கைக்குச் சிரிக்க வேண்டாம். நடையைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு மனிதன், சொன்னால் கேட்கிற மனிதன். இதைவிட நல்லது தனக்கு வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தலையை ஆட்டத்தான் போனாள். அப்போது தூரத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி கண்ணில் பட்டாள். கூஜாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். கதவைத் திறப்பாள். எதிரே கடல் இருக்கும். அப்புறம் அதே வீங்கின முட்டியோடு ராயபுரத்துத் தெருக்குழாயில் வரிசையில் போய் நிற்பாள், அங்கே அவளுக்கு ஒரு முகமும் தெரியாது. தினமும் நிற்பாள். தினமும் ஃப்ளோரா அதைப் பார்த்துக்கொண்டு கிடங்குக்குப் போவாள். கை ஓய்ந்தவளுக்குத்தானே கால் ஓய்ந்தவளைத் தெரியும். ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், இவளை ஏமாற்றத் தன்னால் ஆகாது என்று அவளுக்குப் பட்டது.

"வேணாங்க," என்றாள். "நானே சொல்லிடறேன்."

ஹென்றி தடுக்கவில்லை. திரும்பி வருகிற வழியிலும் அவள் காலுக்குத் தக்கபடி மெதுவாகவே நடந்தான்.

ஜமுக்காளத்துக்கு வந்ததும் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"அம்மா, நீங்க குடிச்சது குழாத் தண்ணி. காலைல எங்க நைனா தெருவுல புடிச்சாரு. கிணறு கடலுக்குள்ள கீது. வூடும் பாதிதான் கீது."

செல்லக்கனி கூஜாவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்கல் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. கிணறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஓர் உறைகூடச் சாயவில்லை, கடல் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, கோபம் தணிந்தால் பின்வாங்கும், பின்வாங்கினால் கொல்லை, மேடு, மணல்வெளி எல்லாம் திரும்பி வரும், பழையபடி நல்ல தண்ணீர் ஊறும் என்று மளமளவென்று சொன்னார். கடலுக்குக் கோபம் என்பது அவர் பல வருஷமாகச் சொல்லிவரும் சமாதானம். அதற்கு மாற்றாக யாராவது பேசினால் அவருக்குப் பொறுக்காது. ஷாகுல் ஹமீது டீக்கடையில் மீன்பிடிக்கிறவர்கள் வேறு காரணம் சொன்னார்கள் என்று அவர்களோடு கைகலப்பு வரைக்கும் போய், அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டவர்.

செல்லக்கனிக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒரு சந்தேகம், அதைக் கேட்டாள்.

"அம்புட்டு மண்ணும் எங்கய்யா போச்சு? கொல்ல, மேடு, மணக்காடுங்கீரு. மண்ணு கரைஞ்சா போகும்?"

பாஸ்கல் வாயைத் திறந்தார். அவர் இன்னொரு தடவை கோபம் என்ற சொல்லைச் சொல்வதைக் கேட்க ஃப்ளோராவால் முடியவில்லை. அன்றைக்குத் தைத்த மூட்டைகள் எல்லாம் தலைமேல் இருப்பதுபோல் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. தெருவே சொல்லியும் அவள் சொன்னதில்லை.

"இங்கதாம்மா கீது," என்றாள், கால் பெருவிரலால் மணலைத் தட்டிக் காட்டி. "நீங்க குந்திகினு கீறதே அதும்மேலதான். தெக்கேருந்து எங்க பக்கம் வர வேண்டிய மணலு, ஹார்பர் கல்லுல முட்டிகினு இங்கயே தங்கிடுது. எங்களுக்கு வர்றது நின்னுபோச்சு. இருந்ததையும் கடல் வாரிகினு பூடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க நைனாவும் சேந்து போட்ட கல்லு."

பாஸ்கல் அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கடல் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். முதுகைக் கூனிக்கொண்டு, சுண்டல் விற்கிறவர்களுக்கும் பலூன் சுடுகிறவர்களுக்கும் நடுவில் புகுந்து போனார்.

செல்லக்கனி ஹென்றியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்தாள். ஃப்ளோராவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சணல் உரசிக் காய்த்துப்போன கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன், பிள்ள. நீ சொல்லலன்னா நான் குடத்தோட வந்து நின்னிருப்பேன். ஆனா என்னால இனிமேக் குழாயடியில நிக்க முடியாது. பெரம்பூர்லன்னாலும் ராயபுரத்துலன்னாலும் நிக்கப் போறது நான்தான்."

நியாயம்தான். ஃப்ளோரா ஜமுக்காளத்தை உதறி மடித்துக் கொடுத்தாள். ஹென்றி வாங்கிக்கொண்டு, நல்ல காது அவள் பக்கம் வரும்படித் திரும்பி நின்று ஒரு நிமிஷம் பார்த்தான். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான்போல. அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு அவன் சாலையைக் கடந்து போனான். அம்மாவுக்காகவும் அவன் நடையைக் குறைத்துக்கொண்டுதான் போனான். வருத்தமாக இருந்தது, ரொம்ப வருத்தமாக இருந்தது. அழுகை வந்தது, அழுவதற்கு அலுப்பாகவும் இருந்தது. ஃப்ளோரா மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அப்பாவைத் தேடினாள். கூட்டத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போயிற்று. இவ்வளவு நேரம் நடந்தும் அவர் இன்னும் தண்ணீரை எட்டவில்லை. நடுநடுவே நின்றார், திரும்பிச் சாலையைப் பார்த்தார், மறுபடியும் நடந்தார். இத்தனை தடவை இங்கே வந்தும் அவர் இந்த மணல் ஓரத்தைத் தாண்டி உள்ளே இறங்கிப் போனதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று வாங்கவோ, காலை நனைக்கவோ, ஒரு தடவைகூடப் போனதில்லை. மணலுக்கு முதுகைக் காட்டியேதான் உட்காருவார். அப்படியானால் அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

சாலை நெடுக விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கியபோது அவர் திரும்பி வந்தார். முழங்கால் வரைக்கும் ஈரம், அந்த ஈரத்தில் ஒட்டிய மணல். மூச்சு இரைத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் கூஜாவைத் திறந்து கொடுத்தாள். அதில் மிச்சமிருந்த குழாய்த் தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடித்தார், மேல்துண்டால் வாயைத் துடைத்தார்.

"ரொம்ப தூரம் கீது ஃப்ளோரா," என்றார். "இந்த மணல்ல நம்ம தெருவே கொள்ளும்."

அவள் அவர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். ஈரமணல், சுலபத்தில் உதிரவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போதும் விடு என்று அவள் கையை விலக்கினார்.

பஸ் ஸ்டாப்புக்கு சிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அந்த வழியே வராமல், மணலிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சுற்றிக்கொண்டு சாலைக்கு ஏறினார். ஃப்ளோராவுக்குக் கால் வலித்தது. இருந்தாலும் காலிக் கூஜாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றி நடந்தாள்.